கடல் கடந்த காழி இப்னு பதூதா

எமது வீட்டுச் சமையலறையில் உம்மா மாசி இடிக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு பயணியின் நினைவு வரும். ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன்னர், மாசிக்குப் பெயர்பெற்ற மாலைதீவிலிருந்து பாய்க்கப்பலில் வந்து இலங்கைக் கரையில் இறங்கிய இப்னு பதூதாவே அவர்.

1304ஆம் ஆண்டு மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில், மார்க்கச் சட்டம் கற்ற குடும்பமொன்றில் அவர் பிறந்தார். 21 வயதில் ஹஜ் செய்யவென வீட்டைவிட்டுப் புறப்பட்டார். மக்காவை அடைந்த பின்னும் அவரது பயணம் ஓயவில்லை. டில்லியில் சுல்தான் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காழியாக்கி, பின்னர் சீனாவுக்குத் தூதராக அனுப்பினார். கள்ளிக்கோட்டையில், ஜும்ஆத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருந்தார். அதன்பின் எழுந்த புயலில் பரிசுப் பொருட்கள் ஏற்றிய கப்பல் உடைந்தது. அவரது ஆட்களும் உடைமைகளும் இருந்த மற்றைய கப்பலோ அவரை விட்டுவிட்டே பாய் விரித்துச் சென்றது. அவரிடம் எஞ்சியவை 10 தீனாரும் ஒரு விரிப்பும் மட்டுமே.

அதன்பின் மாலைதீவு சென்று, அங்கும் காழியாகப் பணியாற்றினார். 1344இல் அங்கிருந்து தென்னிந்தியாவின் மஃபர் கரையை நோக்கிப் புறப்பட்டார். அக்காலத்தில் இக்கடலில் ஓடிய கப்பல்கள் பலவற்றில் இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைத் தும்புக் கயிற்றால் தைத்தே இணைத்தார்கள். திசை காட்ட விண்மீன்களும், தள்ளிச் செல்லக் காற்றுமே துணை. மூன்று நாளில் முடிய வேண்டிய அப்பயணம், வழி தவறியதால் ஒன்பது நாட்கள் நீண்டது. அப்போதுதான் தொலைவில் பாவாதமலை தென்பட்டது.

ஆரியச் சக்கரவர்த்தியின் கரையில் இறங்க மாலுமிகள் அஞ்சினர். இப்னு பதூதாவோ துணிந்து இறங்கிப் புத்தளத்தில் மன்னரைச் சந்தித்தார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது. ஆதம் நபியின் பாதச்சுவட்டைக் காண்பதே தமது விருப்பம் என விருந்தினர் கூற, மன்னர் பல்லக்கும், 4 யோகிகளும், 3 பிராமணர்களும், தம் ஆட்கள் 10 பேரும், உணவு சுமக்க 15 பேரும் கொடுத்து அனுப்பினார். வழியில் அவர் கண்ட குனகார் என்ற தலைநகரைக் குருநாகல் என்பர் சிலர். கண்டியை அடுத்துள்ள எமது கம்பளையே அது என்பர் வேறு சிலர். சங்கிலிகளைப் பற்றி மலையேறி, பாதச்சுவட்டைக் கண்டு, அவர் மீண்டும் புத்தளம் திரும்பினார்.

அங்கிருந்து மஃபருக்குச் சென்றபோதுதான் பெருஞ்சோதனை வந்தது. காற்று வலுத்தது. வழியறிந்த மாலுமி எவரும் இல்லை. கப்பல் ஆழமற்ற இடத்தில் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டிக் கடலில் எறிந்தார்கள். மாலுமிகள் ஒரு தெப்பம் கட்டினார்கள். இப்னு பதூதா தம் தோழர் இருவரையும், உடனிருந்த அடிமைப் பெண்கள் இருவரில் ஒருவரையும் அதில் ஏற்றிவிட்டுத் தாம் கப்பலிலேயே நின்றார். மற்றப் பெண், தனக்கு நன்றாக நீந்தத் தெரியும் என்று கூறி, தெப்பத்தின் கயிற்றைப் பற்றி நீந்தியே கரை சேர்ந்தார். கப்பல் தலைவர் சுக்கானைப் பிடித்துக் கரையேறினார். மேலும் தெப்பங்கள் கட்டி முடிவதற்குள் இருட்டிவிட்டது. நீர் நிறைந்த கப்பலின் பின்பகுதியில் ஏறி, இப்னு பதூதா விடியும்வரை காத்திருந்தார். காலையில் படகில் வந்து அவரைக் காப்பாற்றியவர்கள் அவருக்கு அறிமுகமற்றவர்கள், வேற்று மதத்தவர்கள்.

இலங்கை மன்னர் கொடுத்த மணிகளும் முத்துக்களும் பின்னர் கடற்கொள்ளையரிடம் பறிபோயின. எனினும் அவர் சீனாவரை சென்று, 1349இல் தாயகம் திரும்பினார். சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸைய் எழுதிய பயணநூல் 1355இல் நிறைவுற்றது. சுமந்து வந்த செல்வம் போயிற்று. மனதில் சுமந்து வந்தது நிலைத்தது.

இவ்வரலாற்றை வாசித்து முடித்த பின்னும், கயிற்றைப் பற்றி நீந்திய அந்தப் பெண்ணே என் நினைவில் நிற்கிறார். இந்நிகழ்வைச் சொல்லும் இடத்தில் அவருடைய பெயர் இல்லை. சுதந்திரமும் அவருக்கு இருக்கவில்லை. ஆயினும் அந்த ஆபத்தில் தனக்குத் தெரிந்த ஒரு கலையை நம்பி, தெப்பத்தில் பிறருக்கு இடம் விட்டுக் கடலில் இறங்கினார். பெரும் பயணியின் புகழைப் பேசும்போது, அவரைக் கரை சேர்த்த படகோட்டிகளையும் பெயரறியாத அந்தச் சகோதரியையும் நாம் மறவாதிருப்போம்.