சாமுவேல் பேக்கர்

சர் சாமுவேல் வைட் பேக்கர் (ஜூன் 8, 1821 - டிசம்பர் 30, 1893) ஓர் ஆங்கிலேய நாடுகாண் பயணியும், வேட்டைக்காரரும், எழுத்தாளரும் ஆவார். நைல் ஆற்றின் ஊற்றுகளைத் தேடிச் சென்று 1864 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஏரியை அடைந்த முதல் ஐரோப்பியர் என்று பரவலாக அறியப்படுகிறார். அதற்கு முன்பு பல ஆண்டுகள் இலங்கையின் நுவரெலியாவில் வாழ்ந்தார். தாம் பயன்படுத்திய துப்பாக்கிகளைத் தமது விருப்பத்திற்கேற்ப வடிவமைத்துச் செய்வித்ததும், அவற்றுக்கான வெடிமருந்தின் அளவு, ஈயக்குண்டின் எடை, கடினம் ஆகியவற்றைத் தாமே ஆராய்ந்து முடிவு செய்ததும் இவரது வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கமாகும்.

இளமை

பேக்கர் இலண்டனில் பிறந்தார். இவரது தந்தையாரின் பெயரும் சாமுவேல் பேக்கர் என்பதே. அவர் கப்பல்களும், ஜமைக்கா, மொரீசியசு தீவுகளில் கரும்புத் தோட்டங்களும் உடைய வணிகர். பேக்கர் இங்கிலாந்தில் பள்ளிக் கல்வி பெற்று, 1841 இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் படிப்பை முடித்தார். 1843 ஆகஸ்டில் என்றியேட்டா மார்ட்டின் என்பவரை மணந்தார். இவருடைய தம்பி ஜான், என்றியேட்டாவின் சகோதரியை மணந்தார். பின்னர் குடும்பத் தோட்டங்களைக் கவனிக்க மொரீசியசு சென்று சுமார் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கிருந்து 1846 இல் வேட்டைக்காக இலங்கைக்கு வந்தார்.

நுவரெலியா பண்ணை

தாழ்நிலக் காடுகளில் காய்ச்சலுக்கு ஆளான பேக்கர், உடல் தேறுவதற்காகக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்குச் சென்றார். குளிர்ந்த தட்பவெப்பம் அவரைக் கவர்ந்தது. அங்கு ஆங்கிலேய முறையில் ஒரு வேளாண் குடியிருப்பை அமைக்க முடிவு செய்தார். 1848 இல் குடும்பத்தினர், பண்ணை மேலாளர், கொல்லர், உழவர்கள் ஆகியோருடனும், ஆங்கிலேய இன மாடுகள், ஆடுகள், வேட்டை நாய்கள், உழவுக் கருவிகள் ஆகியவற்றுடனும் இலங்கையில் குடியேறினார்.

தொடக்கம் இன்னல்கள் நிறைந்ததாக இருந்தது. கொண்டுவந்த கால்நடைகளில் பல இறந்தன. முதல் உருளைக்கிழங்குப் பயிரைப் புழுக்கள் அழித்தன. ஓட்சு பயிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் மேய்ந்தன. மண் வளமற்றது என்பதை உணர்ந்த பேக்கர், எரு இட்டு நிலத்தைச் சிறிது சிறிதாகத் திருத்தினார்.

இதே காலத்தில்தான் மலைநாட்டின் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் பெருமளவில் சென்றுகொண்டிருந்தனர். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்தை அன்று உள்ளடக்கியிருந்த திருநெல்வேலி மாவட்டமும் அவற்றுள் ஒன்று. மன்னாரில் இறங்கி யானைகள் நடமாடும் வறண்ட காடுகளைக் கால்நடையாகக் கடந்தே அவர்கள் மலைநாட்டை அடைந்தனர். பேக்கருக்கு வேட்டைக்களமாக இருந்த நாடு, அவர்களுக்குப் பலர் உயிரிழந்த ஒரு பாதையாக இருந்தது.

துப்பாக்கி வடிவமைப்பு

பேக்கரின் இளமைக்காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் வாய்வழியாக மருந்து கெட்டிப்பவை. வேட்டைக்காரரே வெடிமருந்தை அளந்து குழலில் இட்டு, எண்ணெய் தடவிய துணியில் ஈயக்குண்டைப் பொதிந்து கம்பியால் இறுக்கி, பொறி தரும் செப்புக் கேப்பைப் பொருத்த வேண்டும். குண்டுகளை அச்சில் வார்ப்பதும் பெரும்பாலும் அவருடைய வேலையாகவே இருந்தது. எனவே மருந்தின் அளவை மாற்றிப் பார்ப்பதற்கும், குண்டின் எடையைக் கூட்டிக் குறைப்பதற்கும் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பிருந்தது. சுட்ட தோட்டாக்களின் உறையில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டு நிரப்பும் பிற்காலப் பொழுதுபோக்கின் முன்னோடியாக இதைக் கருதலாம்.

குழலின் உட்புறத்தில் சுருள் வரிப்பள்ளங்களைக் கொண்ட துப்பாக்கியே ரைபிள் எனப்படும். வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது நேராகச் செல்லும். ஆனால் மருந்தின் அளவு மிகுந்தால் மென்மையான ஈயக்குண்டு வரிகளைப் பற்றாமல் வழுக்கிச் சென்றுவிடும். இதனால் ரைபிளில் குறைந்த மருந்தே இடவேண்டும் என்பது அன்றைய துப்பாக்கித் தொழிலாளர் பலரின் கருத்தாக இருந்தது. பேக்கர் இதை ஏற்கவில்லை. பெரிய விலங்கை ஒரே குண்டில் வீழ்த்த வேண்டுமாயின் கனமான குண்டும், அதை விரைவாகச் செலுத்தும் பெருமளவு மருந்தும், அதன் உதைப்பைத் தாங்கும் கனமான துப்பாக்கியும் வேண்டும் என்று அவர் கருதினார்.

இக்கருத்தின்படி 1840 இல், தமது பத்தொன்பதாம் வயதளவில், பிரிஸ்டல் நகரின் கிப்சு என்னும் துப்பாக்கித் தயாரிப்பாளரைக் கொண்டு ஒரு ரைபிளைச் செய்வித்தார். அதன் எடை 21 பவுண்டு (சுமார் 9.5 கிலோகிராம்). குழலின் நீளம் 36 அங்குலம். உருண்டைக் குண்டின் எடை 3 அவுன்சு, கூம்புக் குண்டின் எடை 4 அவுன்சு. இடப்பட்ட மருந்து 16 டிராம், அதாவது ஓர் அவுன்சு (சுமார் 28 கிராம்). குழலில் இரண்டு ஆழமான வரிகள் மட்டுமே இருந்தன. உருண்டைக் குண்டைச் சுற்றி ஒரு பட்டை வார்க்கப்பட்டிருந்தது. அப்பட்டை வரிகளில் இறுகப் பொருந்தியதால் மருந்து எவ்வளவு மிகுந்தாலும் குண்டு வழுக்கவில்லை. இவ்வாறு வழுக்கலுக்குத் தீர்வு மருந்தைக் குறைப்பதன்று, குண்டின் வடிவை மாற்றுவதே என்பது நிறுவப்பட்டது.

இலங்கையில் இந்த ரைபிளுடன் 10 எண் துளையுள்ள இரட்டைக்குழல் ரைபிள்களையும் பயன்படுத்தினார். துளை எண் என்பது ஒரு பவுண்டு ஈயத்திலிருந்து அக்குழலுக்குப் பொருந்தும் எத்தனை உருண்டைகள் வார்க்கலாம் என்பதைக் குறிக்கும். எண் குறையக் குறையக் குழல் பெரியதாகும். சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டிக்க நேரமாகும் என்பதால், துப்பாக்கி ஏந்துவோர் சிலர் வேட்டைக்காரருக்குப் பின்னால் நிரப்பிய துப்பாக்கிகளுடன் நிற்பர். யானை திரும்பிப் பாயும்போது அவர்கள் ஓடிவிட்டால் வேட்டைக்காரரின் உயிருக்கு உறுதியில்லை. ஆகவே இவ்வேட்டையின் வெற்றி, பெயர் பதிவாகாத உள்ளூர் மக்களின் துணிவையும் சார்ந்திருந்தது.

யானை வேட்டையும் அதன் விளைவும்

பேக்கரின் காலத்தில் இலங்கையில் யானை பயிரை அழிக்கும் விலங்காகக் கருதப்பட்டது. கொல்லப்படும் யானைக்கு அரசு வெகுமதி அளித்தது. 1848 க்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் சுமார் 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென் மாகாணத்தில் சுமார் 2,000 யானைகளுக்கும் வெகுமதி வழங்கப்பட்டதாக, அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் பதிவு செய்துள்ளார். 1845 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்சு 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகிறது.

இச்சூழலில் பேக்கர் தமது வேட்டையைக் குற்றமாகக் கருதவில்லை. யானையின் மண்டையோட்டில் மூளை அமைந்துள்ள இடத்தையும், எந்தக் கோணத்தில் குண்டு அதை எட்டும் என்பதையும் நுணுக்கமாக எழுதினார். விலங்கைக் காயப்படுத்தித் துன்புறவிடாமல் உடனே வீழ்த்துவதே நல்ல துப்பாக்கியின் பயன் என்பது அவர் கொள்கை. ஆனால் துப்பாக்கிகள் திறன்பெற்ற அளவுக்குக் காடுகள் வெறுமையாயின என்பதும் உண்மையாகும். இலங்கையில் 1937 இல் காட்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 2011 இல் நடந்த கணக்கெடுப்பில் அந்நாட்டில் 5,879 காட்டு யானைகள் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. மேலே கூறிய இரண்டு மாகாணங்களின் வெகுமதிக் கணக்கு மட்டுமே ஏறத்தாழ இதே அளவு என்பது எண்ணத்தக்கது.

இலங்கையை விட்டு நீங்குதல்

தொடர்ந்த காய்ச்சலால் 1855 இல் பேக்கர் குடும்பத்துடன் இங்கிலாந்து திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் என்றியேட்டா பிரான்சின் பிரனீசு மலைப்பகுதியில் காய்ச்சலால் இறந்தார். நான்கு பெண் குழந்தைகளையும் தமது சகோதரியின் பொறுப்பில் விட்டுவிட்டு, பேக்கர் கிழக்கு ஐரோப்பாவில் அலைந்தார். தன்யூப் ஆற்றையும் கருங்கடலையும் இணைக்கும் இருப்புப்பாதைப் பணியிலும் ஈடுபட்டார். சீக்கியப் பேரரசின் கடைசி மன்னர் துலீப் சிங்குடன் 1859 இல் தன்யூப் பகுதிக்கு வேட்டைக்குச் சென்றபோது, விதின் நகரின் அடிமைச் சந்தையில் புளோரன்சு என்னும் இளம்பெண்ணைக் கண்டு அவரை மீட்டு அழைத்துச் சென்றார். திரான்சில்வேனியாவில் பிறந்து அகதியான அப்பெண் பின்னர் அவரது மனைவியும், ஆப்பிரிக்கப் பயணங்களில் உடனுழைத்தவரும் ஆனார்.

ஆப்பிரிக்கப் பயணங்கள்

1861 இல் இருவரும் கெய்ரோவிலிருந்து புறப்பட்டனர். முதலில் அத்பரா உள்ளிட்ட நைல் ஆற்றின் அபிசீனியக் கிளையாறுகளை ஆராய்ந்தனர். அங்கு வாளால் யானையை வேட்டையாடும் அம்ரான் அராபியருடன் பேக்கர் பழகினார். இப்பயணத்தில், இலண்டன் ஆலந்து நிறுவனத்தார் செய்த, அரைப் பவுண்டு எடையுள்ள வெடிகுண்டைச் சுடும் பெருந்துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் குழந்தை என்று விளையாட்டாக அழைத்தார். அராபியர் அதைப் பீரங்கியின் பிள்ளை என்றனர். அதன் உதைப்பு வலிமையான அவரையே சுழற்றிவிடும் என்பதால் அரிதாகவே அதைப் பயன்படுத்தினார். கூடுதல் மருந்து, கூடுதல் எடை என்ற அவரது கொள்கைக்கும் மனித உடலே ஓர் எல்லையாக அமைந்தது.

1863 பிப்ரவரியில் கொண்டோகோரோவில், விக்டோரியா ஏரியிலிருந்து திரும்பிய இசுபீக், கிராண்ட் ஆகியோரைச் சந்தித்தார். அவர்கள் காணாது விட்ட ஓர் ஏரியைப் பற்றிய செய்தியைக் கேட்டுத் தெற்கே சென்றார். புன்யோரோ நாட்டைக் கடக்கும்போது புளோரன்சு வெப்பத்தாக்கால் பல நாட்கள் நினைவிழந்து கிடந்தார். 1864 மார்ச் 14 அன்று இருவரும் ஏரியை அடைந்தனர். அதற்கு விக்டோரியா அரசியின் மறைந்த கணவரின் பெயரைப் பேக்கர் சூட்டினார். அருகிலுள்ள அருவிக்கு மர்ச்சிசன் அருவி எனப் பெயரிட்டார். அவர் ஏரியின் பரப்பை மிகைப்படுத்திக் கணித்திருந்தார் என்பது 1876 இல் கெசி என்பவர் அதைச் சுற்றிவந்தபோது தெளிவாயிற்று.

1865 நவம்பரில் இலண்டனில் பேக்கரும் புளோரன்சும் மணம் புரிந்தனர். 1866 இல் பேக்கருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. எனினும் மணத்திற்கு முன் அவருடன் வாழ்ந்தார் என்பதற்காகப் புளோரன்சை விக்டோரியா அரசி அரசவைக்கு ஏற்கவில்லை.

எக்குவட்டோரியா ஆளுநர்

1869 இல் எகிப்தின் ஆட்சியாளர் இசுமாயில் பாசா, மேல் நைல் பகுதியைக் கைப்பற்றி அடிமை வணிகத்தை ஒடுக்கும் பொறுப்பை ஆண்டுக்கு 10,000 பவுண்டு ஊதியத்தில் நான்கு ஆண்டுகளுக்குப் பேக்கரிடம் ஒப்படைத்தார். நாற்பது திருடர்கள் என்று அழைக்கப்பட்ட அவரது மெய்க்காவல் படையினர் பின்புறமாகத் தோட்டா இடும் சுனைடர் ரைபிள்களை ஏந்தினர். 1872 இல் புன்யோரோ மன்னர் கபலேகாவின் படையுடன் மசிந்தியில் போரிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. அடிமைகளை விடுவித்தவர் என ஆச்சோலி மக்களிடையே நற்பெயரும், நாட்டைப் பிடிக்க வந்தவர் எனப் புன்யோரோவில் அவப்பெயரும் அவருக்கு உண்டு. 1874 இல் சார்லசு கார்டன் அப்பொறுப்பை ஏற்றார்.

இறுதிக்காலமும் நூல்களும்

பேக்கர் தமது இறுதிக்காலத்தை இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கழித்தார். இடையிடையே இந்தியா, அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு வேட்டைக்குச் சென்றார். 1893 டிசம்பர் 30 அன்று காலமானார். புளோரன்சு 1916 வரை வாழ்ந்தார்.

இலங்கை வாழ்க்கையைப் பற்றி இவர் எழுதிய இரண்டு நூல்களுள், 1855 இல் வெளியான எயிட் இயர்சு வாண்டரிங்சு இன் சிலோன் பண்டைய குளங்களின் சிறப்பையும், அவற்றைச் சீரமைக்க வேண்டியதன் தேவையையும் பேசுகிறது. 1890 இல் வெளியான வைல்டு பீஸ்ட்சு அண்ட் தெயர் வேய்சு நூலின் தொடக்கத்தில், அரை நூற்றாண்டுக் காலத்தில் ரைபிள் அடைந்த மாற்றங்களை விளக்கினார். மென்தோல் விலங்குகளுக்குத் தூய ஈயக்குண்டும், யானை போன்றவற்றுக்குக் கடினமாக்கப்பட்ட குண்டும் ஏற்றவை என்றும், உள்ளீடற்ற குண்டுகள் உடலில் ஆழமாகச் செல்லாமல் சிதறிவிடும் என்றும் அதில் வாதிட்டார்.

இலங்கையின் ஓட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் அருவி இவர் பெயரால் வழங்குகிறது. அவர் மரை வேட்டையாடிய அச்சமவெளி 1988 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் யானை வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது. துப்பாக்கியும் தோட்டாவும் தயாரிக்க 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் தேவை. பேக்கர் தனி ஒருவராகச் செய்துபார்த்த ஆய்வுகளை இன்று உரிமம் பெற்ற தொழிற்சாலைகளும் ஆய்வகங்களும் செய்கின்றன.