உளவறிந்தவர் ஒற்றர் என்று கொன்ற அறுவர்

திருவந்திபுரம் வழியாக வரும் கெடிலம் கடலில் கலக்குமிடத்துக்கு அருகே, தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை இருந்தது. 1758 ஜூன் 2-இல் அதைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலியை நாம் இன்று நினைவுகூர்கிறோம்.

அவர் 1702-இல் பிரான்சில் பிறந்தவர். நாடு விட்டு வந்த அயர்லாந்துக் கத்தோலிக்கரின் மகன். அரியணை இழந்த கத்தோலிக்க ஸ்டூவர்ட் குடும்பத்துக்காக இங்கிலாந்துக்குள் மறைவாகச் சென்று உளவறிந்தார். 1738-இல் ரஷ்யாவுக்கு இரகசியத் தூது போனார். பிடிபட்டால் ஒற்றனின் கதி என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் கோட்டையைப் பிடித்த அதே ஆண்டில் தஞ்சாவூர் மீது படையெடுத்துப் போகும் வழியில், கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடித் தோண்டினார். அங்கிருந்த பிராமணர் அறுவரை ஒற்றர்கள் எனச் சொல்லி, பீரங்கி வாயில் வைத்துச் சுட்டுக் கொன்றார். நம் மறையைச் சேர்ந்தவர் செய்த கொடுமை இது. நாம் மூடிமறைக்க வேண்டியதில்லை.

1761-இல் புதுச்சேரி வீழ்ந்தது. அரசரின் நலனைக் காட்டிக்கொடுத்தார் என்று பாரிசில் லாலிக்கு மரண தண்டனை விதித்தார்கள். இயேசு சபைத் தந்தை லவோர் விட்டுச்சென்ற காகிதங்களும் அவருக்கு எதிராகவே பயன்பட்டன. சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. 1766 மே 9-இல், பேச முடியாதபடி வாயை அடைத்து அவர் தலையை வெட்டினார்கள்.

அவர் மகனும், திருச்சபைக்கு நண்பரல்லாத வால்டேரும் விடாமல் போராடியதால் 1778-இல் அத்தீர்ப்பு ரத்தானது. கீழ்வேளூர் அறுவருக்காக எந்த அரசவையிலும் யாரும் வழக்காடவில்லை.