போகாஹான்டஸுக்கு அப்போ பதினோரு வயசு

டிஸ்னியோட போகாஹான்டஸ் படத்தை நம்மில் பல பேர் சின்ன வயசுலயே பாத்திருப்போம். மலை உச்சியில் முடி பறக்க நிக்கிற பொண்ணு, கப்பல்ல வந்து இறங்குற ஜான் ஸ்மித், நடுவுல ஒரு காதல். 1995-ல் வந்த படம். அதுல வர்ற பொண்ணுக்கு எப்படியும் இருபது வயசு சொல்லலாம். நிஜத்தில் 1607-ல் ஸ்மித் வர்ஜீனியாவில் கால் வைத்தபோது அவளுக்குப் பத்து, பதினோரு வயதுதான். அவருக்கு 27. நம்ம கணக்குல ஆறாங்கிளாஸ் பொண்ணு! காதல் கதை இதோட முடிஞ்சுது. இனி அவளோட வாழ்க்கை.

பிறந்தபோது வைத்த பெயர் அமோனூட். வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற இன்னொரு பெயர் மட்டோவாக்கா. போகாஹான்டஸ் என்பது குறும்புக்காரி என்ற மாதிரி ஒரு செல்லப்பெயர்தான். அப்பா வாஹுன்சனக்கா, ஏறக்குறைய முப்பது பூர்வகுடி இனங்களுக்குத் தலைவர். அவருக்கு ஏகப்பட்ட பிள்ளைகள், அதில் இவளும் ஒருத்தி.

1607 டிசம்பரில் ஸ்மித் அவர்களிடம் மாட்டினார். அவர் தலையைப் பிளக்கப் போகும்போது இவள் குறுக்கே பாய்ந்து காப்பாற்றினாள் என்பதுதான் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. ஆனா ஸ்மித் 1608-ல் எழுதின விவரத்தில் இந்தச் சம்பவமே கிடையாது. 1624-ல் வெளியான புத்தகத்தில்தான் விரிவாக வருகிறது. அதற்குள் அவளும் இறந்துவிட்டாள், அவள் அப்பாவும் இறந்துவிட்டார். மறுத்துச் சொல்ல யார் இருக்கா?

1609-ல் வெடிமருந்தால் காயம்பட்ட ஸ்மித் இங்கிலாந்து திரும்பினார். அவர் செத்துப்போனார் என்று ஆங்கிலேயர்கள் அவளிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்து கோகோம் என்ற வீரனோடு அவளுக்குக் கல்யாணம் நடந்ததாக ஒரு குறிப்பு இருக்கிறது. படத்தில் இந்தக் கோகோம் சிரிக்கவே தெரியாத முரட்டு ஆள், துப்பாக்கிக் குண்டுக்குச் சாகவே உருவாக்கின கேரக்டர்.

1613-ல் நடந்ததுதான் படத்தில் வராதது. சாமுவேல் ஆர்கால் என்ற கேப்டன் அவளைத் தந்திரமாகக் கப்பலில் ஏற்றிக் கடத்தினான். அவளைக் கூட்டிவந்து ஏற்றிவிட்ட உள்ளூர்க்காரருக்குக் கூலி ஒரு செப்புக் கெண்டி. அப்பாவிடம் இருக்கும் கைதிகளையும் ஆயுதங்களையும் திரும்ப வாங்கத்தான் இந்தப் பணயம். பேரம் இழுத்துக்கொண்டே போக, சிறையிருப்பிலேயே அவளுக்கு ஆங்கிலமும் பைபிளும் கற்றுக்கொடுத்து ரெபேக்கா என்று ஞானஸ்நானம் செய்துவைத்தார்கள். 1614 ஏப்ரலில் புகையிலைத் தோட்டக்காரர் ஜான் ரால்ஃபுக்கும் அவளுக்கும் கல்யாணம். அவளுக்குச் சம்மதமா? அவள் எழுதின ஒரு வரிகூட இன்றைக்கு இல்லை. இருப்பதெல்லாம் ஆங்கிலேயர் எழுதினது.

1616-ல் வர்ஜீனியா கம்பெனி தன் செலவில் அவளை, கணவன், குழந்தை தாமஸோடு லண்டனுக்குக் கூட்டிப்போனது. கம்பெனிக்கு முதலீடு வேணும், ஆள் வேணும். அங்குள்ள மக்களைப் பழக்கி எடுத்துவிடலாம் என்று காட்ட ஒரு முகம் வேணும். இன்னைக்கு பிராண்ட் அம்பாஸடர்னு சொல்றோமே, அதேதான், ஆனா ஒப்பந்தம் எதுவும் இல்லாம. உயரத் தொப்பியும் லேஸ் காலருமாக ஒரு செதுக்கோவியம் வந்தது. பின்னாளில் அதைப் பார்த்து வரைந்த எண்ணெய் ஓவியத்தில் அவள் நிறம் வெளுத்துவிட்டது.

கூடப்போன டோமோகோமோவிடம் இங்கிலாந்தின் ஜனத்தொகையை எண்ணிவரச் சொல்லியிருந்தார் தலைவர். மனிதர் ஒரு குச்சியில் ஆளுக்கு ஒரு வெட்டு போட ஆரம்பித்து, சீக்கிரமே கைவிட்டார்! அங்கேதான் ஸ்மித் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரிந்தது. பார்க்க வந்தவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமலே இருந்தாள், பிறகு கோபமாகக் கேட்டாள். இதையும் ஸ்மித்தே எழுதியிருக்கிறார்.

1617 மார்ச்சில் ஊர் திரும்பக் கப்பல் ஏறினாள். தேம்ஸ் நதி தாண்டும் முன்பே நோய் முற்றி, கிரேவ்ஸெண்டில் இறக்கினார்கள். அங்கேயே இறந்தாள். வயது 21 இருக்கலாம். புதைத்த தேவாலயம் 1727-ல் எரிந்துபோனது, கல்லறை எங்கே என்று தெரியவில்லை. டிஸ்னியின் 1998 இரண்டாம் பாகத்தில் அவள் ரால்ஃபோடு சந்தோஷமாக ஊர் திரும்புகிறாள்.

படம் எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை. 1953-ல் வந்த பீட்டர் பானில் பூர்வகுடிகளைக் கேலிப்பொருளாக்கின அதே நிறுவனம், இந்த முறை மரியாதையாகக் காட்ட நினைத்தது. அப்பா வேஷத்துக்குக் குரல் கொடுத்தவர் ரஸல் மீன்ஸ், பூர்வகுடி உரிமைக்குப் போராடினவர். ஆனாலும் ஒரு பாட்டில் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் காட்டுமிராண்டி என்று திட்டிக்கொள்கிறார்கள். வீடு பிடிக்க வந்தவனும் வீட்டுக்காரனும் ஒரே தராசில். வெள்ளைக்காரனைக் காதலிக்கிறவள் நல்ல பூர்வகுடி, சண்டைக்கு நிற்கிறவன் கெட்டவன். இந்த வார்ப்பு 1616-லேயே கம்பெனி செய்துவைத்தது. டிஸ்னி கலர் அடித்தது, அவ்வளவுதான்.

இதில் பெரிய வேடிக்கை 1924-ல். வர்ஜீனியா ஒரு இனத்தூய்மைச் சட்டம் போட்டது. துளி வேற்று ரத்தம் இருந்தாலும் வெள்ளையர் இல்லை. ஆனால் அங்குள்ள பெரிய குடும்பங்கள் பல தாமஸின் வாரிசுகள் என்று பெருமை பேசுகிறவை. அதனால் பதினாறில் ஒரு பங்கு வரை பூர்வகுடி ரத்தம் இருந்தால் பரவாயில்லை என்று விலக்கு கொடுத்தார்கள். அதே வர்ஜீனியாவின் பூர்வகுடிகளை மட்டும், பிறப்புப் பதிவேட்டில் அப்படிப் பதிய விடாமல் கறுப்பர் கணக்கில் சேர்த்தார்கள்.

அவள் அப்பாவின் ஆட்சிக்கு மையமாக இருந்த பமுங்கி இனத்தவர் இன்றைக்கும் அதே ஆற்றங்கரையில் வாழ்கிறார்கள். அமெரிக்க மத்திய அரசு அவர்களை ஓர் இனமாக அங்கீகரிக்க முடிவு செய்தது 2015-ல். படம் வந்து 20 வருஷம் கழிச்சு.