தலைமுறை அட்டவணையும் புனித அருளானந்தரும்



ஆண்டுதோறும் டிசம்பர் 17-ஆம் நாள் திருப்பலியில், மத்தேயு நற்செய்தியின் முதல் பகுதி வாசிக்கப்படுகிறது. ஆபிரகாம் தொடங்கிச் சூசையப்பர் வரை ஒரே பெயர் வரிசை. இதனால் நமக்கென்ன பயன் என்று பலரும் எண்ணுவதுண்டு. நம் செஞ்சிச் சீமையில் உழைத்த புனித அருளானந்தரின் வாழ்வே இதற்கு நல்ல விளக்கம்.

ஜான் டி பிரிட்டோ என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1647 மார்ச் 1-ஆம் நாள் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். தந்தை ரியோ டி ஜெனிரோவின் ஆளுநராயிருந்தவர். மைந்தரோ இளவரசர் பேதுருவின் தோழராய் அரண்மனையில் வளர்ந்தார். குலப் பெருமையைத் துறந்து, 1662-இல் அதே டிசம்பர் 17-ஆம் நாள் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் கப்பலேறி, மறு ஆண்டு மதுரை மறைத்தளம் வந்தடைந்தார். செஞ்சி நாட்டிலும் பணி புரிந்தார். 1677-இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய போர்க்காலம் அது.

தாழ்த்தப்பட்டோரிடமும் தடையின்றிச் செல்லவே பண்டார சுவாமியாய்க் காவி உடுத்தினார். 1686-இல் மறவர் நாட்டில் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். பின் தாயகம் அனுப்பப்பட்டபோது, மன்னராகிவிட்ட பழைய தோழர் பேதுரு அங்கேயே தங்கும்படி வற்புறுத்தினார். அவர் இசையாமல் 1690-இல் திரும்பினார். ஞானஸ்நானம் பெற்ற தடியத் தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அதனால் எழுந்த சினத்தில், 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டுண்டார். 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

இப்போது அந்தப் பெயர் வரிசையை மீண்டும் பாருங்கள். அதில் தாவீது அரசர் மட்டுமா இருக்கிறார்? கானான் நாட்டு இராகாபும், மோவாபியப் பெண் ரூத்தும், தாவீது பாவத்தால் அடைந்த உரியாவின் மனைவியும் உள்ளனர். சூசையப்பரோ இயேசுவை வளர்த்த தந்தை மட்டுமே. ஆகவே அவ்வட்டவணை இரத்தத் தூய்மையின் பட்டயம் அன்று. பாவிகளையும் பிற இனத்தாரையும் சேர்த்துக்கொண்டே இறைவன் தம் வாக்குறுதியை நிறைவேற்றினார் என்பதற்குச் சான்று. லூக்கா எழுதிய வரிசை ஆதாம் வரை செல்கிறது. அங்கே மனிதர் அனைவரும் ஒரே குடும்பம்.

செஞ்சியை ஆண்ட அரச வம்சங்கள் மறைந்தன. கோட்டை மட்டும் நிற்கிறது. பிள்ளையற்ற துறவி அருளானந்தரையோ இன்றும் தமிழ் மக்கள் தந்தை என்கிறோம். நமது ஞானஸ்நானப் பதிவேடே நமது தலைமுறை அட்டவணை. அதில் மேல் குலம், கீழ் குலம் இல்லை. கல்லறையிலும் கோவில் வாசலிலும் இன்னும் சாதி பார்ப்போமானால் அவருடைய பிள்ளைகள் ஆவோமா? சிந்திப்போம்.