மெஸ்ஸிக்கு 97 ஆண்டுகள் முன்பே அமெரிக்கா போன ஸ்டார்: யார் இந்த பேலா குட்மன்?

2023 ஜூலையில் லயோனல் மெஸ்ஸி இன்டர் மயாமி அணியில் சேர்ந்தபோது, உலகம் முழுக்க ஒரே பேச்சு: அமெரிக்காவில் இனி கால்பந்து தூக்கிவிடும். 2007-ல் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சலஸ் போனபோதும் இதே பேச்சுதான். 1975-ல் பேலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு வந்தபோதும் இதேதான். ஆனால் இந்தக் கதை பேலேவிடமிருந்து தொடங்கவில்லை. இன்னும் அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

1926 மே 1. நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். பேஸ்பால் ஆடுவதற்காகக் கட்டிய இடம். அன்று அங்கே 46,000 பேர் திரண்டது கால்பந்து பார்க்க. பேலே காலம் வரை அமெரிக்காவில் கால்பந்துக்குச் சேர்ந்த பெரிய கூட்டம் அதுதான். அத்தனை பேரும் பார்க்க வந்தது ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த ஹகோவா வியன்னா என்ற கிளப்பை. போட்டியில் ஹகோவா 0-3 என்று தோற்றுப்போனது. வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அணியின் நடுகளத்தில் நின்ற 27 வயது ஹங்கேரிக்காரர்தான் பேலா குட்மன். பின்னாளில் பென்ஃபிகா கிளப்புக்கு ‘சாபம்’ விட்டவர் என்று கால்பந்து ரசிகர்கள் பேசுகிற அதே ஆள். அவர் வாழ்க்கையில் ஆறு வருஷம் அமெரிக்காவில் கழிந்தது பலருக்கும் தெரியாது.

டான்ஸ் மாஸ்டர் வீட்டுப் பிள்ளை

1899-ல் புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் குட்மன். அப்பா, அம்மா இருவருமே நடன ஆசிரியர்கள். பையனும் 16 வயதிலேயே நடனம் கற்றுத்தரத் தகுதி பெற்றுவிட்டார். ஆனால் கால் போனது பந்துப் பக்கம். புடாபெஸ்ட்டின் பெரிய கிளப்பான எம்டிகே-யில் சேர்ந்து லீக் பட்டம் வென்றார். ‘சென்டர் ஹாஃப்’ இடத்தில் ஆடியவர். அந்தக் காலத்தில் அணியின் தாக்குதலும் தற்காப்பும் அந்த ஒரு ஆளைச் சுற்றித்தான் ஓடும்.

முதல் உலகப் போர் முடிந்த பிறகு ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான வெறுப்பு தலைதூக்கியது. குட்மன் வியன்னாவுக்குக் கிளம்பி ஹகோவாவில் சேர்ந்தார். ஹகோவா என்றால் ஹீப்ரு மொழியில் வலிமை. யூதர்களால் விளையாட முடியாது என்று கேலி செய்தவர்களுக்குப் பதிலாக 1909-ல் தொடங்கிய கிளப் அது. சட்டையில் தாவீதின் நட்சத்திரத்தை வெளிப்படையாகவே தைத்துக்கொண்டு ஆடினார்கள். 1923-ல் லண்டனுக்கே போய் வெஸ்ட் ஹாம் அணியை 5-0 என்று அடித்தார்கள். 1925-ல் ஆஸ்திரிய லீக் பட்டம். அந்தப் பட்டத்தை உறுதி செய்த போட்டியில், கை உடைந்த கோல்கீப்பர் கட்டுப்போட்டுக்கொண்டு முன்வரிசைக்கு ஓடி வெற்றி கோலை அடித்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க அப்போது விதி கிடையாது!

குட்மனுக்குப் பயம் என்பது கொஞ்சம் குறைவு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன ஹங்கேரி அணியில், ஆடுகிறவர்களைவிட அதிகாரிகள் கூட்டம் அதிகம், தங்கிய ஹோட்டலும் சரியில்லை. செத்த எலிகளைப் பிடித்து அதிகாரிகளின் அறைக் கதவுகளில் கட்டித் தொங்கவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அதன் பிறகு தேசிய அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் அப்போதே ஒரு லீக்

அமெரிக்கர்களுக்குக் கால்பந்தே தெரியாது, வெளிநாட்டு ஸ்டார்கள் வந்துதான் கற்றுக்கொடுத்தார்கள் என்று நினைத்தால் அது தப்பு. 1921-லேயே ‘அமெரிக்கன் சாக்கர் லீக்’ தொடங்கிவிட்டது. எஃகு ஆலை நடத்திய பெத்லகேம் ஸ்டீல், பஞ்சாலை நகரத்தின் ஃபால் ரிவர் மார்க்ஸ்மென் என்று வலுவான அணிகள் இருந்தன. ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள்தான் ரசிகர்கள். சம்பளம் ஐரோப்பாவைவிட நன்றாகவே இருந்ததால் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்கள் கப்பல் ஏறி வந்தார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஐரோப்பிய கிளப்புகள் ஃபிஃபா வரை புகார் கொண்டுபோயின. பெத்லகேமின் ஆர்ச்சி ஸ்டார்க் 1924-25 சீசனில் மட்டும் லீக்கில் அடித்த கோல்கள் 67. சும்மா இல்லை!

இந்த லீக்கில் புரூக்ளின் வாண்டரர்ஸ் அணியை வைத்திருந்த நாட் அகர்தான் ஹகோவாவை அமெரிக்காவுக்கு அழைத்து வந்தார். கணக்கு எளிது. நியூயார்க்கில் லட்சக்கணக்கான யூதர்கள் இருந்தார்கள். நட்சத்திரம் தைத்த சட்டை போட்ட ஐரோப்பிய சாம்பியன்கள் வந்தால் டிக்கெட் பறக்கும். பறந்தது.

அந்த 46,000 பேர் எதற்காக வந்தார்கள் என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. கால்பந்து நுணுக்கம் ரசிக்க வந்தவர்கள் அதில் எத்தனை பேர்? பெரும்பாலானோர் தம் மக்கள் ஜெயித்து நிற்பதைக் கண்ணால் பார்க்க வந்தவர்கள். ஹகோவா ஒரு திருவிழா மாதிரி. திருவிழாவுக்குத் திரளும் கூட்டம் வாரா வாரம் வராது.

ஆனால் கிளப் உரிமையாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். இந்த ஆட்டக்காரர்களையே இங்கே நிறுத்திக்கொண்டால் ஒவ்வொரு ஞாயிறும் இதே கூட்டம் வருமே! சுற்றுப்பயணம் முடிந்ததும் ஹகோவா வீரர்கள் பலரை ஒப்பந்தம் பேசிச் சேர்த்துக்கொண்டார்கள். வீரர்களுக்கும் இது லாபமாகத்தான் தெரிந்தது. வியன்னாவில் கிடைக்காத சம்பளம், அங்கே தினமும் கேட்ட வசை இங்கே இல்லை. குட்மனும் தங்கிவிட்டார். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக இரண்டு சீசன் ஆடினார். வியன்னாவில் ஹகோவா கிளப் இந்த இழப்பிலிருந்து மீளவே இல்லை.

சண்டை, சாராயம், சரிவு

நியூயார்க்கில் கூட்டம் வந்தது. ஆனால் போலோ கிரவுண்ட்ஸ் கூட்டம் திரும்ப வரவில்லை. ஒரே சட்டையில் வந்த பதினோரு பேர், வெவ்வேறு அணிகளில் பிரிந்து ஆடியபோது அவர்களும் சாதாரண ஆட்டக்காரர்களாகிப் போனார்கள். இதைப் புரிந்துகொண்டோ என்னவோ, 1928-ல் பழைய தோழர்கள் பலர் சேர்ந்து நியூயார்க் ஹகோவா என்று ஒரு அணியானார்கள். 1929-ல் அந்த அணி தேசியக் கோப்பையை வென்றது. குட்மனும் அதில் இருந்தார்.

அந்த நேரத்தில்தான் நிர்வாகத்தில் பெரிய அடிதடி. தேசியக் கோப்பைப் போட்டிகள் சீசனைக் கெடுக்கின்றன, யாரும் அதில் ஆடக் கூடாது என்று லீக் 1928-ல் உத்தரவு போட்டது. பெத்லகேம், நியூவார்க், குட்மன் முன்பு ஆடிய ஜயன்ட்ஸ் ஆகிய மூன்று அணிகளும் உத்தரவை மீறின. லீக் அவற்றை விலக்கியது. அமெரிக்கக் கால்பந்துச் சங்கமோ லீக்கையே சட்டவிரோதம் என்று அறிவித்து, போட்டியாக இன்னொரு லீக்கை உருவாக்கியது. ஒரே ஊரில் இரண்டு லீக், இருக்கிற ரசிகர்களுக்கு இரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். வரலாற்றில் இதற்கு ‘சாக்கர் வார்’ என்றே பெயர். 1929 அக்டோபரில் சமரசம் ஆனது. அதே மாதம் வால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தை சரிந்தது. இதைவிட மோசமான டைமிங் இருக்க முடியாது.

குட்மன் அமெரிக்காவில் பந்து மட்டும் ஆடவில்லை. அது மதுவிலக்கு காலம். ரகசியமாக இயங்கிய மதுக்கூடம் ஒன்றில் பங்கு போட்டிருந்தார். ஷேர் மார்க்கெட்டிலும் பணம் போட்டிருந்தார். சரிவில் சேமிப்பு காலி. கடைசியாக மிஞ்சிய ஐந்து டாலர் நோட்டில் இருந்த லிங்கனின் கண்களைக் குத்தி ஓட்டை போட்டார் என்று இன்னொரு கதையும் அவரைப் பற்றி உண்டு. நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் இஷ்டம். ஆனால் பிற்காலத்தில் பணம் பேசும்போது குட்மன் காட்டிய கறார் எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த ஆண்டுகள்தான் பதில்.

1930-ல் உருகுவேயில் நடந்த முதல் உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதி வரை போனது. அந்த அணியில் பலர் இந்த லீக்கில் ஆடியவர்கள். உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அடித்த பெர்ட் பேட்டனாட், ஃபால் ரிவரில் பிறந்தவர். அதாவது ஆட்டம் இருந்தது, ஆளும் இருந்தார்கள். ஆனால் ஆலைகள் மூடின, வேலை போனது, டிக்கெட் வாங்கக் காசில்லை. பெத்லகேம் ஸ்டீல் அணியே 1930-ல் கலைந்தது. இதோடு 1924-ல் வந்த குடியேற்றச் சட்டம் ஐரோப்பாவிலிருந்து புதிதாக வருபவர்களைக் கடுமையாகக் குறைத்திருந்தது. ஏற்கெனவே வந்தவர்களின் பிள்ளைகளோ பேஸ்பால் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாவின் ஆட்டத்தைவிட பள்ளித் தோழர்களின் ஆட்டம்தானே பிள்ளைகளுக்குப் பெரிது? 1933-ல் பழைய லீக் முடிந்தது. எந்த ஸ்டாராலும் நிறுத்தியிருக்க முடியாத சரிவு அது.

திரும்பிப் போன இடம்

1932-ல் குட்மன் வியன்னா திரும்பினார். அங்கே ஹகோவாவுக்கு ஆடி, பிறகு அதற்கே பயிற்சியாளரானார். 1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் எடுத்துக்கொண்டதும் கிளப்பை மூடினார்கள். குட்மன் புடாபெஸ்ட் வந்து உய்பெஸ்ட் அணிக்கு லீக் பட்டமும் மிட்ரோபா கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அந்த நேரத்தில் ஹங்கேரியிலும் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்துவிட்டன.

அதன் பிறகு பல வருஷங்கள் அவர் எங்கே இருந்தார் என்பதே மர்மமாக இருந்தது. டேவிட் போல்சோவர் 2017-ல் எழுதிய வாழ்க்கை வரலாறுதான் அதை விளக்கியது. பின்னாளில் மனைவியான மரியன்னின் சகோதரர், தன் முடிதிருத்தும் கடைக்கு மேலிருந்த பரணில் குட்மனை ஒளித்துவைத்தார். அதன் பிறகு கட்டாய உழைப்பு முகாம். 1944 டிசம்பரில், ஜெர்மனிக்கு அனுப்பப்படுவதற்கு முன் தப்பி ஓடினார். கூடவே தப்பியவர் எர்னோ எர்ப்ஸ்டைன், பிற்காலத்தில் புகழ்பெற்ற டொரினோ அணியின் பயிற்சியாளர். அந்த ஒரே ஆண்டில் ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். குட்மனின் அப்பாவும் சகோதரியும் படுகொலையில் பலியானார்கள். பழைய ஹகோவா வீரர்களிலும் சிலர் தப்பவில்லை.

இங்கே ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: எர்னோ ஷ்வார்ஸ். குட்மனோடு ஹகோவாவில் ஆடி, குட்மனோடு கப்பலேறி, குட்மனோடு ஜயன்ட்ஸில் ஆடியவர். அவர் திரும்பிப் போகவில்லை. லீக் சரிந்த பிறகும் நியூயார்க்கிலேயே இருந்து நியூயார்க் அமெரிக்கன்ஸ் அணியை நடத்தினார், 1950-களில் அமெரிக்க தேசிய அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். உலகம் அவரை மறந்துவிட்டது. அமெரிக்கக் கால்பந்துக்கு ஹகோவா கொடுத்த உண்மையான லாபம் என்று பார்த்தால், அந்த 46,000 டிக்கெட்டுகளைவிட ஷ்வார்ஸ்தான் பெரிது.

சாபம் ஸ்பெஷலிஸ்ட்

போருக்குப் பிந்தைய குட்மனைத்தான் எல்லோருக்கும் தெரியும். ருமேனியாவில் உணவுப் பஞ்சம் என்பதால் சம்பளத்தைக் காய்கறியாகக் கேட்டு வாங்கினார். ஏசி மிலான் லீக்கில் முதலிடத்தில் இருக்கும்போதே 1955-ல் அவரை வேலையை விட்டுத் தூக்கியது. 1957-ல் பிரேசிலின் சாவ் பாவ்லோவுக்கு மாநில சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு பிரேசில் உலகக் கோப்பையை வென்ற 4-2-4 ஆட்ட முறையில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்பவர்கள் உண்டு. அந்த அணியில் 17 வயதில் ஆடிய பேலேதான் பின்னாளில் நியூயார்க்கில் இறங்கியவர்.

பிறகு போர்ச்சுகல். பென்ஃபிகாவுக்கு 1961, 1962 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். இரண்டாவது இறுதிப் போட்டியில் ரியல் மாட்ரிட்டை 5-3 என்று வீழ்த்தியபோது இரண்டு கோல் அடித்த பையன் யூசெபியோ. மொசாம்பிக்கில் இப்படி ஒரு பையன் இருக்கிறான் என்ற தகவல் குட்மனுக்குக் கிடைத்தது லிஸ்பனில் ஒரு முடிதிருத்தும் கடையில் என்பார்கள்.

ஜெயித்த கையோடு கூடுதல் பணம் கேட்டார், கிளப் மறுத்தது, கிளம்பிவிட்டார். இனி நூறு ஆண்டுகளுக்கு பென்ஃபிகா ஐரோப்பிய சாம்பியன் ஆகாது என்று அவர் சொன்னதாகப் பேச்சு. சொன்னாரா என்பதே சந்தேகம். ஆனால் அதன் பிறகு பென்ஃபிகா எட்டு ஐரோப்பிய இறுதிப் போட்டிகளில் ஆடி எட்டிலும் தோற்றிருக்கிறது! 1981-ல் குட்மன் வியன்னாவில் இறந்தார். 1990 இறுதிப் போட்டி அதே வியன்னாவில் நடந்தபோது, யூசெபியோ அவர் கல்லறைக்குப் போய்ப் பிரார்த்தனை செய்தார். பலன் இல்லை. ஜெயித்தது ஏசி மிலான்.

மறுபடியும் அமெரிக்கா

குட்மனின் வளர்ப்பான யூசெபியோவும் ஒருநாள் அமெரிக்காவுக்கே போனார். 1975-ல் பேலே நியூயார்க் வந்த அதே ஆண்டு, முழங்கால் தேய்ந்த யூசெபியோ பாஸ்டன் மினிட்மென் அணியில் சேர்ந்தார். 1977-ல் காஸ்மாஸ் ஆட்டம் பார்க்க 77,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். மற்ற ஊர்க்காரர்களும் தங்களுக்கு ஒரு பேலே வேண்டும் என்று கடன் வாங்கி ஸ்டார் வாங்கினார்கள். நுழைவு டிக்கெட்டில் அதை ஈடுகட்ட முடியவில்லை. 1984 சீசனோடு அந்த லீக்கும் மூடப்பட்டது.

1996-ல் தொடங்கிய இப்போதைய எம்எல்எஸ் லீக், சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்துத்தான் ஆரம்பித்தது இதனால்தான். பெக்காமுக்காக அந்த வரம்பில் ஒரு விதிவிலக்கு உருவாக்கினார்கள். மெஸ்ஸி வந்தது அந்த வாசல் வழியாகத்தான். ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம்: பெக்காம் வரும் முன்பே கால்பந்துக்கென்றே கட்டிய மைதானங்கள் வரத் தொடங்கியிருந்தன. 1926-ல் போலோ கிரவுண்ட்ஸ் பேஸ்பாலுக்குச் சொந்தம்.

யூசெபியோ பாஸ்டனிலிருந்து டொரன்டோவுக்குப் போய் 1976-ல் லீக் பட்டம் வென்றார். மறு ஆண்டு அவர் ஆடியது லாஸ் வேகஸில், குயிக்சில்வர்ஸ் என்ற அணிக்கு. ஒரே சீசன்தான். அந்த அணி லாஸ் வேகஸைக் காலி செய்துகொண்டு சான் டியாகோவுக்குப் போய்விட்டது.