வந்திக் கிழவியின் பங்கும் என் 240 ஜிபியும்

செமஸ்டர் லீவில் வீட்டுக் கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டேன். 240 ஜிபி எஸ்எஸ்டி. ரூட், ஸ்வாப், ஹோம்னு மூணு பங்கு, தலைக்கு 80. நியாயமாப் பிரிச்சதாத்தான் நினைப்பு. ரெண்டே மாசத்தில் ஹோம் நிரம்பி ப்ராஜெக்ட் ஃபைல் சேவ் ஆகல. பக்கத்தில் ஸ்வாப் 80 ஜிபியோட சும்மா படுத்திருந்துச்சு. அப்போ ஞாபகம் வந்தவர் எங்க ஊர்க்காரர்.

மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்தவர் மாணிக்கவாசகர். 9-ஆம் நூற்றாண்டு என்பவர்களே அதிகம். சண்டை இன்னும் ஓயவில்லை. அவர் வாழ்க்கைன்னு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் புராணம் சொல்ற கதைதான். பாண்டியனுக்கு அமைச்சர், பட்டம் தென்னவன் பிரமராயன். குதிரை வாங்கக் கொடுத்த அரண்மனைப் பணத்தைத் திருப்பெருந்துறையில், அதாவது இன்றைய ஆவுடையார்கோயிலில், கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட்டார். ஒண்ணுக்கு ஒதுக்கினதை இன்னொண்ணு தின்னுடுச்சு! அப்புறம் நரி பரியானது, ராத்திரியே பரி மறுபடி நரியானது எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்.

மன்னன் அவரை வைகையின் சுடுமணலில் நிறுத்த, ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையை அடைக்க ஊர்க்காரர்களுக்கு அளந்து பங்கு விட்டார்கள். பிட்டு விற்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு. ஆள் துணை இல்லாதவள் எப்படி மண் சுமப்பாள் என்று அளந்தவர்கள் யோசிக்கவே இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு கூலியாளாக வந்த சிவனும் தூங்கிவிட்டார். மத்த பங்கெல்லாம் அடைபட்டும் அந்த ஒரு இடத்தில் தண்ணீர் உடைத்துக்கொண்டு போனது. பிரம்படி அவர் முதுகில் விழ, வலி எல்லார் முதுகிலும் விழுந்தது. (மதுரை பிட்டுத் திருவிழாவுக்கு வாதவூரார் இன்றும் எங்க ஊரிலிருந்துதான் போகிறார்.)

என் ஹோம்தான் வந்தியின் பங்கு. முதலில் ஹோமை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். பிறகு எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா அளந்தேன்: இஎஃப்ஐக்கு 512 எம்பி, ரூட்டுக்கு 50 ஜிபி, ரேம் 8 என்பதால் ஸ்வாப்புக்கு 8, மிச்சம் முழுக்க ஹோம். டாக்கர் ஓட்டுறவங்க ரூட்டை இன்னும் பெருசா வைக்கணும். அதன் இமேஜ் எல்லாம் அங்கேதான் போய்க் குவியும்.

வாதவூரார் பதவியை உதறிவிட்டு ஊர் ஊராகப் பாடிக்கொண்டே தில்லை சேர்ந்தார். அங்கே ஒருவர் அவர் பாடியதையெல்லாம் கேட்டு ஏட்டில் எழுதிக்கொண்டு போக, ஏடு கோயில் படியில் கிடைத்ததாம். கையெழுத்து சிவனுடையது என்பார்கள். அமைச்சர் வேலை போச்சு, அந்தப் பாண்டியன் அரசும் போச்சு. திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாம் திருமுறையாக நிக்குது, 1900-ல் ஜி.யு. போப் திருவாசகத்தை இங்கிலீஷுக்கும் கொண்டுபோனார்.

போன வாரம் உபுண்டு மறுபடி படுத்துக்கிச்சு. திரும்ப இன்ஸ்டால் பண்ணும்போது ஃபார்மேட் டிக் ரூட்டுக்கு மட்டும் போட்டேன். ஹோமைத் தொடவே இல்லை. டிஸ்க்கே செத்தா ரெண்டும் சேர்ந்து போயிடும் என்பதால் அந்த வெளிக் காப்பி இப்பவும் பீரோவில் இருக்கு.