குணங்குடியார் தேடிய விடை

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் பயணம் செய்யும்போது நீங்கள் கோவளத்தில் இறங்கியிருக்கக்கூடும். தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவில் பாத்திஹா ஓதிவிட்டு, பிள்ளைகளுடன் அலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்தக் கரையில் கோட்டை ஒன்று இருந்தது. 1752-ஆம் ஆண்டில் கிளைவின் படை அதைக் கைப்பற்றி, அடுத்துச் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிடித்தது. அந்தக் கோவளக் கோட்டை அழிந்துவிட்டது. அதற்காகப் போரிட்டவர்களும் மறைந்துவிட்டனர்.

போர் முடிந்து பல்லாண்டுகளுக்குப் பின், அதே கோவளத்தைச் சேர்ந்த சபாபதி முதலியார் என்பவர், சென்னையின் வடபகுதியில் தனித்திருந்த பக்கீர் ஒருவரைக் குருவாக ஏற்றார். கோட்டையோ கொத்தளமோ இல்லாத, உடுத்திய துணியன்றி வேறு உடைமை வேண்டாத அந்தப் பக்கீர்தான் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள்.

நாம் ஏன் படைக்கப்பட்டோம்? உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று, ஒரு நாள் சந்தூக்கில் ஏறிப் போவதற்கு மட்டுமா? இக்கேள்வி உங்கள் உள்ளத்திலும் எழுந்திருக்கும். பெரும்பாலும் நள்ளிரவில் எழும்; பொழுது விடிந்தால் அலுவல்களில் மறைந்துவிடும். குணங்குடியாருக்கோ அது மறையவில்லை.

தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் 1792-ஆம் ஆண்டில் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் நயினார் முகம்மது, தாயார் பாத்திமா. பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார்கள். பதினேழு வயதானபோது, வழக்கப்படி மாமன் மகளை மணம் முடிக்க வீட்டார் பேசினர். அந்தப் பெண்ணின் பெயர் மைமூன் என்பர். இளைஞரோ மணத்தை மறுத்தார். வீட்டையும் துறந்து வெளியேறினார்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். ஏனெனில், இதைப் படிக்கும் தாய்மார்களுக்கு அந்தப் பெண்ணின் நினைவு வராமல் இராது. நம் மார்க்கத்திலும் துறவறம் போற்றப்படவில்லை. ஒருவர் இரவெல்லாம் தொழப்போவதாகவும், ஒருவர் நாள்தோறும் நோன்பு நோற்கப்போவதாகவும், மற்றொருவர் மணமே முடிக்கப்போவதில்லை என்றும் உறுதி பூண்டதைக் கேள்வியுற்ற பெருமானார் (ஸல்) அவர்கள், தாம் தொழுவதும் உறங்குவதும் உண்டு, நோன்பு வைப்பதும் விடுவதும் உண்டு, மணமும் முடித்திருப்பதாக எடுத்துரைத்து, தம் வழியைப் புறக்கணிப்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்த வரலாற்றை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். ஆகவே, குணங்குடியார் செய்ததை எல்லோருக்கும் உரிய வழியென்று சொல்ல நான் துணியேன். பித்தேறியவருக்கு உள்ள விலக்கு வேறு, நமக்குள்ள கடமை வேறு.

எனினும் அவர்களுடைய பித்து எத்தகையது என்பதை அறிய வேண்டும். மனிதரையும் ஜின்களையும் தன்னை வணங்குவதற்காகவே படைத்ததாக அல்லாஹ் திருமறையில் அறிவிக்கிறான். வீணாகப் படைக்கப்பட்டோம் என்று எண்ணிவிட்டீர்களா எனவும் நம்மைக் கேட்கிறான். விரிவுரையாளருள் சிலர், வணக்கம் என்பதற்கு இறைவனை அறிதல் என்றும் பொருள் கண்டனர். அறியாத ஒருவனை எப்படி வணங்குவது என்பது அவர்கள் வாதம். ஸூபியாக்கள் பற்றிக்கொண்டது இந்தப் பொருளையே. மறைந்த பொக்கிஷமாக இருந்த இறைவன், தான் அறியப்பட விரும்பிப் படைப்பைப் படைத்தான் என்று அவர்கள் ஓயாமல் பேசுவர். அச்சொல்லை ஆதாரமுள்ள ஹதீஸாக ஹதீஸ்கலை வல்லோர் ஏற்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அறிதல் என்றதும் ஏட்டறிவை எண்ணிவிடாதீர்கள். ஏட்டறிவில் குணங்குடியாருக்குக் குறையில்லை. திரிசிரபுரத்து மௌலவி ஷாம் சாகிபு அவர்களை அடுத்து ஞானதீட்சை பெற்ற பின், சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் சில்லா இருந்தார்கள். பின்னர்த் தனிமையிலும் ஊர் ஊராகச் சுற்றுவதிலும் ஆண்டுகள் பல கழிந்தன. தம் நிலை மறந்து திரிந்தவரைக் கண்ட மக்கள் 'மஸ்தான்' என்றனர். போதையுற்றவர் என்பது அச்சொல்லின் பொருள். சிலர் பக்தியுடன் அப்படி அழைத்தனர். சிலர் ஏளனமாகவும் அழைத்திருக்கக்கூடும்.

இறுதியில் வடசென்னை வந்து சேர்ந்தார்கள். இராயபுரத்தில் அன்று காடாகக் கிடந்த பாவா லெப்பை என்பவரின் நிலத்தில் தங்கினார்கள். மனிதரை விட்டு விலகி வந்தவரை மனிதர் விடவில்லை. வந்தவர்களைப் பாருங்கள்: பின்னாளில் புலவர் நாயகம் எனப் புகழப்பட்ட சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் வந்தார், ஐயாசாமி முதலியாரும் புரசை பொன்னம்பல முதலியாரும் வந்தனர், நம் கோவளத்துச் சபாபதி முதலியாரும் வந்தார். தமிழில் கரைகண்ட திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்கள் மீது நான்மணிமாலையே பாடினார். மணப்பந்தலையும் உறவையும் உதறி வந்தவரின் இருப்பிடத்தில், மதம் பாராத வேறோர் உறவுக் கூட்டம் கூடிவிட்டது. தனித்திருந்து இறைவனைத் தேட வந்தவர், தேடி வந்தவர்களுக்கு வழிகாட்டியாகவும் நேர்ந்தது. படைப்பின் நோக்கம் அடியானுக்கும் ஆண்டவனுக்கும் இடையே மட்டும் முடிந்துவிடுவதில்லை என்பதை இதிலிருந்து நான் உணர்கிறேன்.

அவர்களுடைய பாடல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. தாயுமானவரைப் போலவே அவர்களும் பராபரக் கண்ணி பாடினார்கள். றகுமான் கண்ணி, நிராமயக் கண்ணி, அகத்தீசன் சதகம், நந்தீசர் சதகம், ஆனந்தக் களிப்பு என அப்பட்டியல் நீளும். முகியித்தீன் ஆண்டகை அவர்களைக் குருவாக அழைத்து உருகும் அதே நாவு, தமிழ்ச் சித்தர்களின் பெயர்களையும் குறியீடுகளையும் தயங்காமல் எடுத்தாளும். இதனால் முகம் சுளித்தவர்கள் நம்மில் உண்டு. சொல்லை மட்டும் பார்த்தால் அச்சுளிப்பு நியாயமாகத் தோன்றும்; பாடலை இறுதிவரை படித்தால் அவர்கள் அழைத்தது யாரை என்பதில் ஐயம் எழாது.

என் உள்ளத்தை அதிகம் தொட்டது மனோன்மணிக் கண்ணியே. அதில் பரம்பொருளை ஒரு மணமகளாகக் கண்டு, அவளை அடைய ஏங்கும் காதலனாகத் தம்மை நிறுத்திப் பாடுகிறார்கள். பதினேழு வயதில் மணத்தை மறுத்தவர், மணவேட்கையின் மொழியிலேயே இறைவனைத் தேடினார்கள். இல்லறத்தின் அன்பை இழிவெனக் கருதியவர் அம்மொழியை எடுத்திருப்பாரா? மனைவி மக்களோடு வாழும் நமக்கு அதில் ஓர் ஆறுதல் உண்டு. நம் வீட்டில் நாம் அன்றாடம் காணும் அன்பையே அந்த மஸ்தான் இறையன்புக்கு உவமையாகத் தேர்ந்துகொண்டார்கள்.

எக்காலக் கண்ணி என்று மற்றொன்று. இறைவனை அடையும் நாள் எந்நாள் என்று கண்ணிதோறும் கேட்டுக்கொண்டே போகிறது அது. மலையில் சில்லா இருந்தவர், சீடர் சூழ வாழ்ந்தவர், நான் அடைந்துவிட்டேன் என்று மார்தட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. தம் மனத்தைத் தாமே கடிந்துகொண்டு, தம் பாவங்களைத் தாமே எண்ணிக்கொண்டு, எப்போது எப்போது என்றே இறைஞ்சினார்கள். வாழ்வின் நோக்கத்தைக் கண்டுவிட்டதாக மேடையேறி முழங்குவோரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அக்கண்ணி நினைவுக்கு வரும்.

1838-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6, திங்கட்கிழமை வைகறையில் அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. தங்கியிருந்த இடத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். பின்னர் அப்பாடல்களைத் திரட்டி அச்சில் வெளியிட்டவர் சீயமங்கலம் அருணாசல முதலியார்.

தொண்டியிலிருந்து வந்தவர் என்பதால் 'தொண்டியார்' என்று மக்கள் அவர்களை அழைத்தனர் என்றும், தொண்டியார் பேட்டையே தண்டையார்பேட்டை ஆயிற்று என்றும் சொல்வர். கோவளம் சென்று திரும்பும் நாளொன்றில், சபாபதி முதலியார் நாடிச் சென்ற அந்த இடத்திற்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்று வாருங்கள்.